பன்னிரண்டாவது கரு

அவளோடு ஐந்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்தேன். அதில் நான்கு வருடம் அவள் மேல் கோபமாக இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

கொல்கத்தாவின் தெற்குப் பகுதியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். அதன் இரண்டாவது மாடியில் எங்கள் லேப். நான் மதுரையிலிருந்து பிஎச்.டி.க்காகப் போய், டாலிகஞ்சில் ஒரு வீட்டின் மாடியறையில் தங்கியிருந்தேன். அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பாவுக்கு லேக் மார்க்கெட்டில் கடை. காப்பித்தூள், அப்பளம், முருங்கைக்காய், வெள்ளிக்கிழமைகளில் வாழையிலை. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளம், லேபில் ஆங்கிலம் என்று வளர்ந்தவள். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்.

நான் சேர்ந்த முதல் நாள், "அரே, தமிழா! பாஞ்ச்லாம்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாஞ்ச்லாம் என்றால் தப்பித்தேன் என்று அர்த்தம். "இனிமே தமிழ்ல சண்டை போட ஆள் கிடைச்சாச்சு" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அன்றிலிருந்து என் பெயரை அவள் சொன்னதே இல்லை. எப்போதும் "ஏய் மதுரை"தான்.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது.

கோழிமுட்டையை அடைகாக்கும் சூட்டில் ஒன்றரை நாள் வைத்தால், உள்ளே கரு ஓர் அரிசி நீளத்துக்கு வளர்ந்திருக்கும். அதன் முதுகு நெடுக ஒரு சின்னக் குழல். பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகப்போவது அதுதான். அந்தக் குழலின் சுவரில் உள்ள செல்களில் எது வேண்டுமானாலும் நரம்பு செல்லாக மாறலாம். ஆனால் எல்லாமே ஒரே சமயத்தில் மாறிவிட்டால், மேற்கொண்டு பெருகுவதற்குச் செல்லே மிஞ்சாது. மூளை சின்னதாகவே நின்றுபோகும். அதனால் மாறத் தொடங்கும் செல், பக்கத்துச் செல்லுக்கு ‘நீ பொறு’ என்று ஒரு சமிக்ஞை கொடுக்கிறது. கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் தனித்தனி மரபணுக்கள் இருக்கின்றன. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உள்ளவை. எங்கள் கேள்வி சின்னது. அந்தப் ‘பொறு’வை மீறி ஒரு செல்லைக் கிளப்பிவிடுவது எந்த மரபணு? ஒன்றின் மேல் எங்களுக்குச் சந்தேகம் இருந்தது.

முட்டையோட்டில் நகக்கண் அளவு ஜன்னல் வெட்டி, மயிரிழைக் கண்ணாடி ஊசியால் அந்த மரபணுவைக் குழலுக்குள் செலுத்துவோம். இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி வைத்து லேசாக மின்சாரம் கொடுத்தால், அது குழலின் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஏறும். மறுபக்கம் தொடாத பக்கம். ஜன்னலுக்கு டேப் ஒட்டி மறுபடி இன்குபேட்டரில் வைத்து, இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்ப்போம். ஒரே கருவில் இடதும் வலதும் ஒப்பிடலாம். எங்கள் மரபணு ஏறிய பக்கத்தில் நரம்பு செல்கள் முன்கூட்டியே வந்திருந்தன. அதைப் பார்த்த அன்று எங்கள் கைடு, நாங்கள் ‘ஸார்’ என்று கூப்பிடும் வங்காளிப் பேராசிரியர், எல்லோருக்கும் மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் வாங்கிக் கொடுத்தார்.

பிரச்சினை கன்ட்ரோல் என்கிற ஒப்பீட்டுச் சோதனையில் வந்தது. எங்கள் மரபணு இல்லாமல் வெறுமனே செல்லைப் பச்சையாக ஒளிரவைக்கும் டி.என்.ஏ.வை மட்டும் பன்னிரண்டு கருக்களில் ஏற்றினோம். இவற்றில் ஒன்றும் நடக்கக்கூடாது. பதினொன்றில் ஒன்றும் நடக்கவில்லை. பன்னிரண்டாவதில், மரபணுவே ஏற்றாத அந்தக் கருவில், நரம்பு செல்கள் முன்கூட்டியே வந்திருந்தன.

"ஊசி மாறியிருக்கும்" என்றேன்.

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "மாறிச்சுன்னு உனக்குத் தெரியுமா? இல்ல மாறியிருக்கும்னு நெனைக்கிறியா?"

அவ்வளவுதான் அவள். இதற்குமேல் சொல்வதெல்லாம் இதன் விரிவுதான்.

பொருந்தாத ஒன்றை அவளால் விட முடியாது. ஆட்டோ ஒருநாள் வழக்கமான தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால், "கேனோ தாதா?" என்று முன்னால் எட்டிக் கேட்பாள். ஏன் அண்ணா என்று அர்த்தம். பள்ளம் தோண்டியிருக்கிறார்கள் என்று ஓட்டுநர் சொன்னால், இறங்கிப் போய்ப் பார்ப்பாள். நான் ஆட்டோவில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் அவள் வீட்டில் சாப்பாடு. கடைக்கு மேலேயே வீடு. அவள் அம்மா சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ள ஆலூ போஸ்தோ செய்வார். கசகசா அரைத்துவிட்ட அந்த உருளைக்கிழங்கும் சாம்பாரும் சேரும் என்று மதுரையில் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒருநாள் சாப்பிடும்போது அவள் அப்பா, அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் கதையைச் சொன்னார்.

"கோயம்புத்தூர்லேருந்து வந்தாங்கம்மா. தங்கமான குடும்பம். பையனுக்கு மூணு அக்கா. மூத்தவ டாக்டர், கடைசிக்காரி வக்கீல். இவ காப்பியைக் கொடுத்துட்டு, ‘நடு அக்கா ஏன் எட்டாவதோட நின்னுட்டாங்க’ன்னு கேக்குறா."

"கேட்டா என்னப்பா? ரெண்டு பேர் படிச்சிருக்காங்க, ஒருத்தர் படிக்கல. கேனோன்னு கேக்கக் கூடாதா?"

"பதில் சொன்னாங்களா?" என்று நான் கேட்டேன்.

"எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்றார் அவர். சிரித்தார்தான். ஆனால் சிரித்து முடித்தபின் நெடுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பன்னிரண்டாவது கருவுக்காக அவள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். புதிய ஊசி, புதிய டி.என்.ஏ., வேறு பண்ணை முட்டை. மின்சாரம் கொடுத்ததே காரணமோ என்று வெறும் மின்சாரம் மட்டும் கொடுத்துப் பார்த்தாள். துர்கா பூஜை விடுமுறையில் நிறுவனமே பூட்டிக் கிடக்க, அஷ்டமியன்று புதுப் புடவையில் வந்து முட்டை திறந்தாள். மாடிக்குக் கீழே தெருவெல்லாம் தாக்கு மேளம். நான் அவளுக்குக் கிண்ணம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் பெயரிலும் இருந்த வேலை, அவள் கையெழுத்துப் போடாமல் கட்டுரை போகாது. ஸார், இதோடு போதும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை, "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கள்" என்று விட்டுவிட்டார்.

ஏழு மாதம் கழித்து அது இன்னொரு தடவை வந்தது. அதே போல, கன்ட்ரோல் கருவில். அவள் துள்ளிக் குதித்தாள். "பாத்தியா மதுரை? ஊசி மாறலே! மாறலே!" நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகு அது வரவேயில்லை.

நான்காவது வருடம் முடியும் சமயம், கேன்டீனில் சிவப்புத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது என் போனில் வந்தது அந்தக் கட்டுரை. வெளிநாட்டுக் குழு ஒன்று. அதே மரபணு, அதே கோழிக்கரு, அதே முடிவு. படங்கள்கூட எங்களுடையவை மாதிரியே இருந்தன. போனை அவளிடம் நீட்டினேன். முழுக்கப் படித்தாள்.

"இவங்க கன்ட்ரோல் எத்தனை எம்ப்ரியோன்னு எழுதவே இல்லியே" என்றாள்.

கேன்டீனில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "ஒரு கரு! ஒரே ஒரு கரு! அதுக்காக ஒண்ணரை வருஷம் என்னை நிக்க வச்சே. எங்கப்பா ரிட்டயர் ஆயிட்டாரு. எப்ப முடியும் எப்ப முடியும்னு வாரா வாரம் கேக்குறாரு. அவருக்கு நான் என்ன சொல்றது? உன்னாலதான், எல்லாம் உன்னாலதான்!"

அவள் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள். "என்னாலதான்."

மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் ஆறியிருப்பேன். எதிர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன். அவளோ ஒப்புக்கொண்டுவிட்டு, மறுநாள் எனக்கு முன்னால் லேபுக்கு வந்து மறுபடி கன்ட்ரோல் முட்டைகளைத் திறந்துகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவள் அப்பாவின் பக்கத்துக் கடைக்காரர் குடும்பத்தில் அது நடந்தது. அவர்களும் தமிழர்கள், முறுக்கும் மிக்ஸரும் போடுகிறவர்கள். அந்த வீட்டு மருமகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மூளை சரியில்லை என்று தெரிந்து, டாக்டர்கள் சொன்னபடி கருவைக் கலைத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து, ‘கடைக்காரர் மகள் கருவோட மூளையைப் பத்தித்தானே படிக்கிறா’ என்று ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார்கள். மருமகள், மாமியார், கணவர் மூன்று பேரும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் இருந்தேன்.

ரிப்போர்ட்டை இருவரும் படித்தோம். மூளையின் முன்பகுதி ஆரம்பத்தில் ஒரே குமிழாக இருக்கும். அதன் அடியிலிருந்து ஒரு சமிக்ஞை கிளம்பி, ‘நடுவில் பிரிந்து இடம் வலம் என்று இரண்டாகு’ என்று சொல்லும். இந்தக் குழந்தையில் அந்தக் குமிழ் பிரியவேயில்லை.

"கிரகணத்தன்னிக்கு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனா" என்றார் மாமியார். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தாள். "நான் என்ன பண்ணினதால இப்படி ஆச்சு? சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"நீங்க ஒண்ணுமே பண்ணலக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தப்பு இதுல எதுவும் இல்ல."

அந்தப் பெண் இவள் பக்கம் திரும்பினாள். இவளும் அதையே சொல்ல வேண்டும் என்று அந்த முகம் கெஞ்சியது. நான் மேசைக்கடியில் இவள் காலை மிதித்தேன்.

"கிரகணத்தால இல்லே பௌதி. அது தெரியும்" என்றாள். அண்ணியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "ஆனா எதனாலன்னு எனக்குத் தெரியாது."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். அவள் கணவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். வந்ததிலிருந்து வாயைத் திறக்காத மனிதர். இவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டிருக்கும்போது, இப்படிக் கேட்டாள்:

"தாதா, ஒரு தடவை சிரிங்க."

அவள் அம்மா, "ஏண்டி, புத்தி கெட்டுப்போச்சா?" என்றார்.

"சிரிக்க வேண்டாம். மேல் உதட்டைத் தூக்கிக் காட்டுங்க, போதும்."

என்ன நினைத்தாரோ, அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். மேல்வரிசையில் நட்டநடுவே, இரண்டு முன்பற்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு பல் இருந்தது.

"சின்ன வயசுலேருந்தே வாயை மூடிட்டுத்தான் சிரிப்பீங்க. நான் பாத்திருக்கேன்" என்றாள். "இந்தப் பல்லை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"அவனுக்குப் பிறவியிலயே அப்படித்தான்" என்று மாமியார் சீறினார். "பல்லுக்கும் மூளைக்கும் என்னடி சம்பந்தம்?"

"இருக்கலாம், இல்லாம இருக்கலாம் அத்தை. ஆனா சொல்லணும். மரபணு பாக்கிற டாக்டர்கிட்ட மூணு பேரும் போங்க. நான் எங்க போகணும்னு எழுதித் தர்றேன்."

அன்று மாலை மெட்ரோ வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். குழந்தையை இழந்தவளுக்கு ஒரு ஆறுதல் சொன்னால் குடியா முழுகிப்போகும் என்று கேட்டேன். "நீ சொன்னது ஆறுதல்தான்" என்றாள். "ஆனா அது நிஜமான்னு உனக்குத் தெரியாது இல்லே?"

முடிவு வர நான்கைந்து மாதம் ஆயிற்று. நடுவில் பிரியச் சொல்லும் அந்தச் சமிக்ஞையின் மரபணுவிலேயே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஆஸ்பத்திரியில் எடுத்துவைத்திருந்த மாதிரியைச் சோதித்ததில் குழந்தைக்கும் இருந்தது, கணவருக்கும் இருந்தது. அவரிடம் அது ஒரு பல்லோடு நின்றுவிட்டிருக்கிறது. அடுத்தடுத்த குழந்தைகளுக்கும் பாதிக்குப் பாதி போகலாம், முன்கூட்டியே பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்களாம். மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே அந்தப் பெண் இதை என்னிடம் சொன்னாள். "இப்பல்லாம் வீட்ல கிரகணத்தைப் பத்திப் பேச்சே இல்லை" என்றும் சொன்னாள். மாமியார் மட்டும் இவள் வீட்டாரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். முப்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் கடை போட்டவர்கள். இவள் அப்பா தினமும் ஷட்டரைத் திறக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் திறக்கப் பழகிக்கொண்டார்.

அப்போது எனக்கு அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது உண்மை. ஓடிப் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"மாத்தம் ஒண்ணுதானே?" என்றாள். "தாதாவுக்கு ஏன் பல்லோட நின்னுச்சு, பாப்பாவுக்கு ஏன் மூளை வரைக்கும் போச்சு? டாக்டரைக் கேட்டேன். தெரியாதுங்கிறாரு."

"உனக்குத் திருப்தின்னு ஒண்ணு உண்டா இல்லையா?"

"அதே சமிக்ஞை, அதே மாத்தம். அப்புறம் ஏன்?" நான் கேட்டது அவள் காதிலேயே விழவில்லை.

ஐந்தாவது வருடத்தோடு எங்கள் ஃபெலோஷிப் நின்றது. இருவரும் பொதுவான முடிவுகளை வைத்துத் தனித்தனியாக தீசிஸ் எழுதிக்கொள்ளலாம் என்று ஸார் சொன்னார். நான் எழுதினேன். கன்ட்ரோல் அட்டவணைக்கு வந்தபோது கை நின்றது. அந்தப் பன்னிரண்டாவது கருவை எழுதினால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். விளக்கம் எங்களிடம் இல்லை. ஒரு சாயங்காலம் முழுவதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பன்னிரண்டு என்பதை அழித்துப் பதினொன்று என்று போட்டேன். ஏழு மாதம் கழித்து வந்ததையும் விட்டுவிட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அச்சுக்குப் போகுமுன் அவளிடம் காட்டினேன். பக்கங்களைப் புரட்டி, அந்த அட்டவணையில் நிறுத்தினாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். வாதங்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன்.

"உன் தீசிஸ்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவள் தன்னுடையதை எழுதவேயில்லை.

என் வைவா தேர்வு அன்று கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். கடைசி வரிசையில் ஓரமாக அவள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் பாராட்டினார். முடிக்கும் சமயம், கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "கன்ட்ரோல் கருக்கள் அத்தனையும் ஒரே மாதிரிதான் இருந்தனவா? விதிவிலக்கு எதுவும் இல்லையா?"

"ஆமாம் ஸார். எல்லாமே ஒரே மாதிரிதான்" என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அறையைப் பார்த்து, வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார். அது சம்பிரதாயம். யார் வேண்டுமானாலும் எழுந்து கேட்கலாம். நான் அவளையே பார்த்தேன். ஆட்டோ தெரு மாறினால் கேட்கிறவள். பெண் பார்க்க வந்தவர்களைக் கேட்டவள். அழுகிற வீட்டில் சிரிக்கச் சொன்னவள். அவள் குனிந்து தன் நகத்தில் காய்ந்திருந்த சாயக்கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஸார் எழுந்து என் கையைக் குலுக்கினார்.

சந்தேஷ் இனிப்புப் பெட்டிகள் சுற்றிவந்தபோது அவளைத் தாழ்வாரத்தில் பிடித்தேன். "ஏன் கேக்கலை?"

"நல்லா பேசினே மதுரை."

"ஏன் கேக்கலைன்னு கேட்டேன்."

"கேட்டிருந்தா உனக்கு டிகிரி போயிருக்குமா, போயிருக்காதா? எனக்குத் தெரியலே. தெரியாம எப்படிக் கேக்குறது?" பிறகு, "கங்கிராட்ஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். ஐந்து வருடம் அவள் கேட்டுக்கொண்டே இருந்ததற்காகக் கோபப்பட்டவள், அன்று கேட்காமல் போனதற்காக எரிந்துகொண்டு நின்றேன்.

நான் இப்போது சென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன், பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டத்தோடு. அவள் பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறாள் என்று கேள்வி. முறுக்குக் கடைக்காரர் வீட்டில், முன்கூட்டியே பரிசோதித்து, ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்திருக்கிறது.

அந்த அட்டவணையைச் சரிசெய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒன்றரை வருடமாக எழுதுகிறேன். இரண்டு கருக்களையும் சேர்த்து, விளக்கம் தெரியவில்லை என்று ஒரு வரி போட வேண்டும், அவ்வளவுதான். ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேட்டைத் திருத்துவதற்குப் படிவம் எதுவும் கிடையாது என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். ஸார் ஓய்வு பெற்றுவிட்டார். இனி விட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார்.

போன மாதம் மனசு கேட்காமல் அவளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பரவாயில்லை விடு என்பாள், அல்லது இப்போதாவது புத்தி வந்ததே என்பாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எதுவாயிருந்தாலும் எனக்குப் போதுமாக இருந்திருக்கும். பின்னால் பள்ளிக்கூட மணி அடிக்கும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்டன.

"படிவம் ஏன் இல்லியாம்?" என்றாள்.

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டியா?"

போனை வைத்தேன். அன்று முழுவதும் லேபில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். படிவம் ஏன் இல்லை?